கட்டணம் முன்னால் போகிறது, உதவித்தொகை பின்னால் வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு கல்வி உதவித்தொகைகளின் பட்டியலை நாளிதழ்கள் வெளியிடுவது நல்ல வழக்கம். யாருக்குக் கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும், விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பணம் எந்த மாதம் கைக்கு வரும் என்பது மட்டும் எதிலும் இருக்காது. கல்லூரிகள் ஜூலை, ஆகஸ்டில் கட்டணம் கேட்கின்றன. உதவித்தொகைக்கான இணையதளம் திறப்பதே பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். கல்லூரி, மாவட்டம், துறை என்று சரிபார்ப்பு நகர்ந்து பணம் வரும்போது முதல் செமஸ்டர் முடிந்திருக்கும்; சில பிள்ளைகளுக்கு அந்தக் கல்வியாண்டே முடிந்திருக்கும். நடுவில் உள்ள மாதங்களை அம்மாவின் தாலிக்கொடியும் மீட்டர் வட்டியும் சுமக்கின்றன. தமிழ்நாட்டில் உதவித் திட்டங்களுக்குக் குறைவில்லை. அவை பிந்தி வருவதுதான் குடும்பங்களை முறிக்கிறது. கல்லூரி உதவித்தொகைப் பிரிவிலும் வங்கிக் கல்விக் கடன் பிரிவிலும் வேலை பார்த்த அனுபவத்தில், இந்த இடைவெளி எங்கெங்கே உண்டாகிறது, அதை எப்படிக் குறைக்கலாம் என்று எழுதுகிறோம்.

முதலில் கட்டணம். பொறியியல் சேர்க்கையில் பெற்றோர் மனதில் இருக்கும் தொகை ஒன்று, கல்லூரி வாசலில் கேட்கும் தொகை வேறு. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 ரூபாய் என்று 2017-ல் கட்டண நிர்ணயக் குழு வரையறுத்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அப்போதே 85,000, 87,000. கல்லூரிப் பேருந்து, விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம், சீருடை, 'வேலைவாய்ப்புப் பயிற்சி' என்று பெயரிட்ட வசூல் ஆகியவை இதற்கு வெளியே ஏறிக்கொள்கின்றன. அதனால் கல்லூரியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "ஃபீஸ் எவ்வளவு?" என்பதாக இருக்கக் கூடாது. "நான்கு ஆண்டுக்கும், தலைப்பு வாரியாக, கல்லூரி முத்திரையோடு ஒரு தாள் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். அந்தத் தாள் பின்னால் வங்கிக்கும் தேவைப்படும். நிர்ணயித்ததற்கு மேல் வாங்கும் பணத்துக்கு ரசீது தர மறுத்தால் அது நன்கொடை வசூல். 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் அதைத் தடை செய்கிறது. கலை அறிவியல் படிப்பில் இன்னொரு கேள்வியும் உண்டு: அரசு உதவிபெறும் கல்லூரியில் கிடைத்திருக்கும் இடம் உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா? ஒரே வளாகம், ஒரே பாடம், சில வேளைகளில் ஒரே வகுப்பறையும்கூட. கட்டணம் மட்டும் பல மடங்கு வேறுபடும்.

இனி, எல்லாவற்றையும்விட அதிக இழப்பை உண்டாக்கும் தவறுக்கு வருவோம். கலந்தாய்வு தொடங்கும் முன்பே, ஏப்ரல், மே மாதங்களில், "இப்போது பிளாக் செய்யாவிட்டால் இடம் போய்விடும்" என்ற பேச்சில் மயங்கி நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டுவதுதான் அது. கூடுதலாகக் கட்டும் முப்பதாயிரத்தோடு நஷ்டம் நிற்பதில்லை. முதல் பட்டதாரி சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே சேர்ந்தவர்களுக்கு மட்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்குக் கிடையாது. மத்திய அரசின் பி.எம். வித்யாலட்சுமி கடனும் அப்படித்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் கலந்தாய்வு வழியே இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அந்தத் தகுதி கையில் இருந்தும், தகவல் தெரியாமல் நிர்வாக இடத்தில் பணம் கட்டிச் சேர்ந்துவிடும் பிள்ளைகள் உண்டு. ஒரு கையெழுத்தில் நான்கு ஆண்டு இலவசப் படிப்பு கைநழுவுகிறது.

அவசரப்பட்டுக் கட்டியிருந்தாலும் முழுவதும் போய்விடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கைக்கு அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்கு 15 நாட்களுக்கு முன்பே விலகினால் முழுத் தொகையும் திரும்பத் தர வேண்டும். நடைமுறைச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், பிடிக்கலாம். கடைசி நாளுக்கு முந்தைய 15 நாட்களுக்குள் விலகினால் 90 சதவீதம், கடைசி நாளுக்குப் பிந்தைய 15 நாட்களுக்குள் 80, அதன்பின் 30-ஆம் நாள் வரை 50. அதையும் தாண்டினால் ஒன்றும் வராது. விலகுவதை வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பித் தேதியைப் பதிவாக்குங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துப் பேரம் பேசுவதையும் அதே அறிவிப்பு தடை செய்கிறது.

சான்றிதழ்களை முடிவு வரும் வரை காத்திராமல் ஏப்ரலிலேயே எடுக்கத் தொடங்குவது நல்லது. சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய நான்கையும் இ-சேவை மையம் வழியே விண்ணப்பிக்கலாம். முடிவு வந்த வாரத்தில் ஊரே அங்கே நிற்கும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசை தாண்டி வர வாரங்கள் பிடிக்கும். வருமானச் சான்று ஓராண்டுக்கே செல்லும் என்பதால் போன ஆண்டுச் சான்றை வைத்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. முதல் பட்டதாரி சான்றுக்கு வருமான வரம்பு இல்லை, சாதி வரம்பும் இல்லை. குடும்பத்தில் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. அண்ணனோ அக்காவோ இதே சலுகையில் படித்துக்கொண்டிருந்தாலும் இளையவருக்குக் கிடைக்காது. பல நிராகரிப்புகள் பெயரின் எழுத்து வேறுபாட்டால் நடக்கின்றன. ஆதாரில் 'எஸ். முருகேஸ்வரி', மதிப்பெண் பட்டியலில் 'முருகேஸ்வரி எஸ்', வங்கிக் கணக்கில் தகப்பனார் பெயர் விரிந்து நிற்கும். கணினிக்கு இவர்கள் மூன்று பேர். பள்ளி மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி மற்ற இரண்டையும் திருத்திவிடுவதே எளிய வழி.

வங்கிக் கணக்கு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒப்புதல் ஆகியும் பணம் வராமல் நிற்பது பெரும்பாலும் இங்கேதான். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவு செய்வது வேறு. அரசுப் பணம் அந்த ஆதாருக்கு எந்த வங்கி வழியே போக வேண்டும் என்று தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் (என்.பி.சி.ஐ.) அட்டவணையில் ஏற்றுவது வேறு. வங்கியில் "ஆதார் லிங்க் ஆகிவிட்டது" என்று சொல்வது முதல் வேலையை மட்டும் குறிக்கலாம். உதவித்தொகைக்குத் தேவை இரண்டாவது. அதற்கென்று தனி ஒப்புதல் படிவம் உண்டு, "என்.பி.சி.ஐ. சீடிங் செய்ய வேண்டும்" என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான் அட்டவணையில் நிற்கும், அதுவும் கடைசியாக ஏற்றிய வங்கி. சிம் கார்டு வாங்கும்போது கடைக்காரர் திறந்துவிட்ட பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு பின்னால் ஏறியிருந்தால், பிள்ளை விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எதுவாக இருந்தாலும் பணம் அங்கே போய் உட்கார்ந்துவிடும். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் 'வங்கி சீடிங் நிலை' என்ற பகுதியில் இதை இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். இன்னொன்று: பள்ளிக் காலத்தில் திறந்த கணக்கு இரண்டு ஆண்டு பரிவர்த்தனை இல்லாமல் முடங்கியிருக்கக்கூடும். முழு அடையாள ஆவணம் தராமல் திறந்த 'சிறு கணக்கு' என்றால் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஆண்டு வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. பெரிய தொகை வந்தால் சிக்கல் வரக்கூடும். பதினெட்டு வயது ஆனதும் புது ஆவணங்கள் கொடுத்துக் கணக்கை முழுக் கணக்காக மாற்றுவது சேர்க்கைக்கு முன்பே முடிய வேண்டிய வேலை.

அடுத்தது கல்லூரி மேசை. தமிழ்நாட்டில் உதவித்தொகைக்கு இப்போது 'யூமிஸ்' எண், அதாவது உயர்கல்வி மாணவர் விவரங்களுக்கான அரசு இணையப் பதிவின் எண், அடிப்படை. அதில் மாணவர் விவரத்தை ஏற்றுவது கல்லூரி. மாணவர் தன் பங்கைச் சரியாகச் செய்து, கல்லூரி தன் பங்கைச் செய்யாவிட்டால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும். தேசிய உதவித்தொகை இணையதளத்திலும் முதல் சரிபார்ப்பு கல்லூரியுடையதுதான். பிளஸ் டூவில் தன் வாரியத்தின் முன்னணி 20 சதவீதத்துக்குள் மதிப்பெண் பெற்று, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு முதல் மூன்று ஆண்டுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் மத்திய உதவித்தொகை அங்கே இருக்கிறது. தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தரும் பிரகதியும் அங்கேதான். அதற்கு வருமான வரம்பு 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. பிரகதியைத் தவறவிடும் குடும்பங்கள் ஏராளம், காரணம் "நாங்கள் ஏழை இல்லையே, நமக்கு எங்கே கிடைக்கும்" என்ற எண்ணம். விண்ணப்பித்த மறுநாளே அச்சுப் பிரதியோடு உதவித்தொகைப் பிரிவுக்குப் போய், நிலை மாறுகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். 'குறை உள்ளது' என்று திரும்பி வந்தால் திருத்தக் கொடுக்கும் நாட்கள் மிகக் குறைவு. புதுப்பித்தல் தானாக நடக்காது. ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டும்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களின் நிலைதான் நெஞ்சை உறுத்துவது. சட்டப்படி அவர்களுக்குத்தான் பாதுகாப்பு அதிகம். சுயநிதிக் கல்லூரிகளில் திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்று 2012-ன் அரசாணை 92 சொல்கிறது. ஆதிதிராவிடருக்கான மத்திய வழிகாட்டு நெறிகள், தகுதியுள்ளவர்கள் முன்பணம் கட்டாமலே சேர 'ஃப்ரீஷிப் கார்டு' என்ற ஏற்பாட்டைச் சொல்கின்றன. நடைமுறை வேறு. 2021-22 முதல் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு நேரே மாணவர் கணக்குக்கு வருகிறது. அதுவும் மாநிலம் தன் 40 சதவீதத்தை விடுவித்த பிறகுதான். பணம் தங்கள் கைக்கு வராது என்று தெரிந்த கல்லூரிகள் "நீ இப்போது கட்டு, உனக்கு வந்ததும் எடுத்துக்கொள்" என்கின்றன. கட்ட முடியாதவர்களின் ஹால் டிக்கெட் நிற்கிறது. மறுபக்கம், எட்டு மாதம் கழித்து ஒரே நாளில் பெரிய தொகை வந்ததும் வீட்டுக் கடனுக்கும் மருத்துவச் செலவுக்கும் கரைந்துபோவதும் உண்டு. அந்தக் குடும்பத்தைக் குற்றம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கல்லூரி முன்பணம் கேட்டால் அரசாணை எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் அவகாசம் கேளுங்கள். முதல்வர் பெயருக்கு ஒன்று, மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு ஒரு நகல், பெற்றுக்கொண்ட முத்திரையோடு. எழுத்தில் வந்த கோரிக்கையை எழுத்தில் மறுக்கக் கல்லூரிகள் தயங்கும்.

இந்த உதவித்தொகையின் வருமான வரம்பு 2013 முதல் 2.5 லட்சத்திலேயே நிற்கிறது. மாதக் கணக்கில் 20,833 ரூபாய். அப்பா காவலாளியாக 13,000, அம்மா துணிக்கடையில் 9,000 வாங்கினால் ஆண்டு வருமானம் 2.64 லட்சம், குடும்பம் தகுதி இழக்கிறது. பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்ட வகுப்பினரின் இட ஒதுக்கீட்டுக்கும், பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தவர் யார் என்று தீர்மானிப்பதற்கும் 8 லட்சம் அளவுகோலாக இருக்கும் நாட்டில், ஆதிதிராவிடர் பிள்ளைக்கு 2.5 லட்சம் என்பது எந்த நியாயத்திலும் அடங்காது.

கல்விக் கடனைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம், கணக்குப் போடாமல் வாங்கவும் வேண்டாம். 4 லட்சம் வரை மார்ஜின் எனப்படும் சொந்தப் பங்கு தேவையில்லை. அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம். கிடைக்கும் உதவித்தொகையை அந்தப் பங்காகக் காட்டலாம். மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி 7.5 லட்சம் வரை 75 சதவீத இழப்பைத் தாங்குகிறது. அதன்கீழ் வரும் கடனுக்குச் சொத்துப் பத்திரமோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்கக் கூடாது. பெற்றோர் இணைக் கடன்தாரர், அவ்வளவுதான். "உங்கள் ஊர் எங்கள் கிளை எல்லையில் இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. கிளை மேலாளர் தனியாக நிராகரிக்கவும் முடியாது; மேல் அதிகாரியின் சம்மதம் வேண்டும். ஆகவே வாய்மொழி மறுப்பை ஏற்காமல் இணையவழியே விண்ணப்பித்து எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கு எழுதி 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். உதவி எண் 14448.

கடனைக் கேட்கும்போது நான்கு ஆண்டுக்கும் சேர்த்து, விடுதி, புத்தகம், மடிக்கணினி உட்பட ஒரே முறையில் கேளுங்கள். கல்விக் கட்டணத்துக்கு மட்டும் வாங்கிவிட்டு மூன்றாம் ஆண்டில் விடுதிக்குக் கூடுதல் கேட்டால் புது விண்ணப்பத்தின் பாடுதான்.

வட்டியை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு லட்சமாக நான்கு ஆண்டில் 4 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் தனிவட்டி ஓடும். முதல் ஆண்டின் ஒரு லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000, அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, 20,000. மொத்தம் 1,40,000. இது அசலோடு சேர்ந்து 5,40,000 ஆகி, பத்து ஆண்டுத் தவணை மாதம் சுமார் 7,136 ரூபாயாகிறது. வட்டியை அவ்வப்போது கட்டிவந்தால் 4 லட்சத்துக்குத் தவணை சுமார் 5,286 ரூபாய்தான். பத்து ஆண்டில் தவணையில் குறைவது 2.2 லட்சம் ரூபாய். முதல் ஆண்டில் அந்த வட்டி மாதம் 833 ரூபாய். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் வரும் 1,000 ரூபாயை மற்ற உதவித்தொகையோடு சேர்த்தே பெறலாம். அதற்கு இதைவிட நல்ல செலவு எங்களுக்குத் தெரியவில்லை.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்த 1,40,000-ஐயும் மத்திய அரசே கட்டும் வட்டி மானியம் இருக்கிறது. மூன்று இடங்களில் அது தட்டிப்போகிறது. கல்லூரிக்கு நாக் தரச்சான்றோ பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. தரச்சான்றோ இல்லாதிருப்பது முதலாவது. மருத்துவம், செவிலியம், சட்டம் போன்றவற்றுக்கு அந்தந்தக் கவுன்சிலின் ஒப்புதல் வேண்டும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் போடாமல் வங்கியின் வேறு பெயர் கொண்ட திட்டத்தில் கடனைப் போட்டுவிடுவது இரண்டாவது. மூன்றாவது, வட்டாட்சியரின் வருமானச் சான்று கிளைக் கோப்பில் இருந்தும் மானியத்துக்கான கோரிக்கையைக் கிளை பதிவேற்றாமல் விடுவது. ஆண்டுக்கொரு முறை கடன் கணக்கின் அறிக்கையை வாங்கிப் பார்த்தால் மானியம் வரவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். படிப்பை நடுவில் விட்டால் மானியமும் நின்றுவிடும். 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி 8 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு, 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை தருகிறது. ஆனால் அரசு பட்டியலிட்ட முன்னணி நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) சேர்ந்தவர்களுக்கு மட்டும், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மட்டும். 4.5 லட்சத்துக்கான முழு வட்டி மானியமோ தொழில், தொழில்நுட்பப் படிப்புகளோடு நின்றுவிடுகிறது. சாதாரணத் தனியார் கல்லூரியில் பி.எஸ்சி., பி.காம். படிக்கும் ஏழைப் பிள்ளை இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. இந்தச் சுவரை இடிக்கத் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் குரல் கொடுக்க வேண்டும்.

மாநில அரசு செய்யக்கூடியது இதைவிட எளிது. பொறியியல் கலந்தாய்வில் சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று, அரசுப் பள்ளிப் படிப்பு எல்லாம் ஏற்கெனவே சரிபார்க்கப்படுகின்றன. அதே விவரத்தை அக்டோபரில் மறுபடி கேட்டு, மறுபடி சரிபார்த்து, ஏன் மாதங்களை விழுங்க வேண்டும்? வருமானச் சான்றையும் கலந்தாய்வுப் பதிவிலேயே வாங்கிக்கொண்டு, ஒதுக்கீட்டு ஆணையிலேயே "இம்மாணவரிடம் இந்த இந்தக் கட்டணம் வாங்கக் கூடாது" என்று அச்சிட்டுவிட்டால் கல்லூரி வாசலில் பேரமே இல்லை. மாநிலப் பங்கான 40 சதவீதம் செப்டம்பருக்குள் போனால் மத்தியப் பங்கும் முன்னதாக நகரும்.

நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உதவித்தொகைப் பட்டியல் வெளியிடும்போது ஒவ்வொரு திட்டத்துக்கும் எதிரே, சென்ற கல்வியாண்டில் எந்த மாதம் பணம் வரவானது என்ற ஒரு பத்தியைச் சேருங்கள். மாவட்ட நல அலுவலகங்களுக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு அனுப்பினால் 30 நாளில் அந்த விவரம் கிடைக்கும். எந்த மாதம் வரை சமாளிக்க வேண்டும் என்று தெரிந்தால், அடகுக் கடைக்குப் போகும் முன் கல்லூரியிடம் எத்தனை மாத அவகாசம் கேட்பது என்று பெற்றோர் முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
கல்லூரி உதவித்தொகைப் பிரிவிலும் வங்கிக் கல்விக் கடன் பிரிவிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற இருவர்,
விருத்தாசலம்.